எங்கள் கையெழுத்து வேண்டும், எங்கள் சொல் வேண்டாமா?

ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அதில் ஒருவரை மாற்றுப் பணி என்று வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டால் மிஞ்சுவது ஒருவர். அவரும் பயிற்சி என்றோ வாக்காளர் பட்டியல் வேலை என்றோ போகிற நாளில் சத்துணவு சமைக்கிற அக்காதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். நரிக்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் நிலைமை இது. நான் வேடிக்கை பார்க்கிறவள் இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு என்னைத்தான் தலைவராக்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் வயிறு இப்படி எரிகிறது.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். எனக்கு இங்கே கொஞ்சம் மிளகாய்க் காடு, நாலைந்து ஆடு, கிடைத்தால் நூறு நாள் வேலை. எங்கள் பூமி மானம் பார்த்த பூமி. கிருதுமால் நதியில் தண்ணீர் வந்து கண்மாய் பெருகினால் நெல்லைப் பார்ப்போம். வராத வருஷம் சீமைக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியை விற்றுச் சாப்பிடுவோம். பிள்ளைகளுக்கு நாங்கள் எழுதிவைக்கச் சொத்து ஏதும் கிடையாது. படிப்பு ஒன்றைத்தான் கொடுக்க முடியும். அதையும் எங்கள் கையில் தராமல் வைத்திருக்கிறீர்களே, அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2009இல் நாடாளுமன்றம் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை அரசாங்கம் மட்டும் நடத்தக்கூடாது, பெற்றோரும் சேர்ந்து நடத்த வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. குழுவில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது எல்லாம் அந்தக் குழுவின் வேலை. 22ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. நாங்கள் தயாரிக்கிற அந்தத் திட்டம்தான் அரசாங்கம் போடுகிற திட்டத்துக்கும் கொடுக்கிற மானியத்துக்கும் அடிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பொம்பளைகள் உட்கார்ந்து எழுதுவதை அடிப்படையாக வைத்து அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும் என்று இந்த நாட்டின் சட்டமே சொல்கிறதே என்று அத்தனை சந்தோஷம்.

2022இல் தமிழ்நாடு முழுக்க இந்தக் குழுக்களை மறுபடியும் அமைத்தார்கள். ‘நம் பள்ளி நம் பெருமை’ என்று பெயர் வைத்துப் பெற்றோரையெல்லாம் அழைத்தார்கள். எங்கள் ஊரிலும் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். அதுவரை பள்ளிக்கூட வாசலோடு திரும்பிவந்த பொம்பளைகள் அன்றைக்குத்தான் உள்ளே போய் வகுப்பறையைப் பார்த்தோம். 2024இல் மறுபடி புதுக் குழு, முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர். ஆர்வத்தோடுதான் போனோம். கூலியை விட்டுவிட்டுப் போனோம்.

போய் என்ன கேட்டோம்? தங்கமா கேட்டோம்? வகுப்புக்கு ஒரு ஆசிரியர் கேட்டோம். கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்டோம். ஆடு மாடு உள்ளே வராமல் ஒரு சுற்றுச்சுவர் கேட்டோம். எல்லாவற்றையும் தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து, குழுவுக்கான அரசுச் செயலியில் ஏற்றினோம். அடுத்த கூட்டத்திலும் அதே தீர்மானம். அதற்கடுத்த கூட்டத்திலும் அதேதான். கிடைக்கும் என்று எவரும் சொல்லவில்லை, கிடைக்காது என்றும் சொல்லவில்லை. எங்கள் நோட்டைத் திறந்து பார்த்தால் ஒரே கோரிக்கை தேதி மட்டும் மாறி மாறி வருவது தெரியும். கூட்டம் நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள், படம் ஏறியதா என்று மட்டும் மேலேயிருந்து தவறாமல் கேட்கிறார்கள். என்ன கேட்டீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் கையெழுத்து உங்களுக்கு வேண்டியிருக்கிறது. எங்கள் சொல் வேண்டியதில்லை. இதைவிட ஒரு ஊரை எப்படி அவமானப்படுத்த முடியும்?

கல்வி அலுவலகத்துக்கு நேரிலும் போய்க் கேட்டுவிட்டேன். “எண்ணிக்கை இல்லையேம்மா. பிள்ளைகளைக் கொண்டுவாங்க, ஆசிரியர் போடுறோம்” என்றார் அங்கிருந்த அதிகாரி. “ஆசிரியரைப் போடுங்க சார், பிள்ளைக தானா வரும்” என்றேன். அவர் அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்னதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதுதான் பெரிய கொடுமை. அதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்கிறது. 61 பிள்ளைகள் இருந்தால்தான் மூன்றாவது ஆசிரியர், 91 இருந்தால்தான் நான்காவது. பட்டணத்தில் ஒரு தெருவிலேயே 60 பிள்ளைகள் இருப்பார்கள். இங்கே ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் கருவேலங்காடும் கண்மாய்க் கரையும்தான். இருக்கிற சனத்திலும் பாதி திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் கேரளாவுக்கும் பிழைக்கப் போய்விட்டது. இந்த வறண்ட சீமையில் எந்தச் சின்ன ஊர் 61 பிள்ளைகளைத் திரட்டும்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘அ’னா எழுதுகிற அதே நேரத்தில், அதே அறையில், அதே டீச்சர் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் டீச்சர்மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நடுவில் எமிஸ் என்ற இணையப் பதிவு, காலை உணவுக் கணக்கு, சத்துணவுக் கணக்கு என்று போனையும் நோட்டையும் பார்த்துக்கொண்டே அவர் படுகிற பாட்டைக் கண்ணால் பார்க்கிறேன். சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்குத் தவிர வேறு வெளிவேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. அந்த மூன்றுக்கு அனுப்பினாலும், இரண்டு பேர் இருக்கிற பள்ளியில் ஒருவர் போனால் பாதிப் பள்ளிக்கூடம் போய்விடுகிறதே, அதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

காலையில் ஊர் மந்தைக்கு ஒரு மஞ்சள் வேன் வருகிறது. தூரத்து மெட்ரிக் பள்ளி வேன். கடன் வாங்கியாவது, காதில் கிடப்பதை அடகு வைத்தாவது பிள்ளையை அதில் ஏற்றிவிடுகிறார்கள். வருஷத்துக்கு வருஷம் அந்த வேனில் கூட்டம் கூடுகிறது, எங்கள் பள்ளிக்கூடத்தில் குறைகிறது. அரசாங்கம் என்ன கொடுக்கவில்லை? காலைச் சாப்பாடு கொடுக்கிறது, மதியம் முட்டையோடு சாப்பாடு கொடுக்கிறது. புத்தகம், நோட்டு, பை, சீருடை எல்லாம் கொடுக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளை காலேஜுக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. இவை சின்ன விஷயங்கள் இல்லை, இவற்றால் வாழ்ந்த பிள்ளைகளை எங்கள் பக்கத்திலேயே காட்ட முடியும். இத்தனையும் இருந்தும் ஒரு தாய் கடன் வாங்கிப் பிள்ளையை வேனில் ஏற்றுகிறாள் என்றால், அவளுக்குப் பைத்தியமா? என் பக்கத்து வீட்டு மதினி என்னிடம் நேராகவே கேட்டாள்: “நீங்க தலைவரு. உங்க பிள்ளைய இங்க வச்சிருக்கீக, சரி. எம் பிள்ள மூணாப்பு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாம நிக்குதே, அதுக்கு யாரு மதினி பதில் சொல்லுவா?” என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

வேன் எடுத்துக்கொண்டு போன பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காட்டித்தான் எங்கள் பள்ளிக்கூடத்தை மெலிய வைக்கிறார்கள். பிள்ளை குறைந்தால் பணி நிரவல், ஆசிரியர் போய்விடுவார். ஆசிரியர் போனால் இன்னும் நாலு பிள்ளை வேனில் ஏறும். கடைசியில் பிள்ளையே இல்லாத பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, “மக்களுக்குத் தனியார் பள்ளி மோகம்” என்று எழுதிவிடுவார்கள். இது மோகம் இல்லை அய்யா. எங்களை விரட்டிவிட்டு, ஓடினாய் என்று எங்கள்மீதே பழி போடுகிறீர்கள்.

சரி, தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைக்கு இலவச இடம் உண்டே என்பார்கள். உண்டு. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. பள்ளி நடத்துகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசாங்கமே பள்ளிக்குக் கொடுக்கும். ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருந்தால் நலிந்த பிரிவில் விண்ணப்பிக்கலாம். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்கு அந்தத் தகுதி இல்லை?

தகுதி இருக்கிறது. பள்ளிதான் இல்லை. நம் மாநில நடைமுறைப்படி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற தனியார் பள்ளிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். எங்கள் ஊரை நடுவில் வைத்து ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் உள்ளே வருவது கண்மாய், ஊருணி, அய்யனார் கோயில், சுடுகாடு. மெட்ரிக் பள்ளி எங்கிருந்து வரும்? அருப்புக்கோட்டையில் வாடகைக்கு இருக்கிற என் நாத்தனாருக்கு அந்த விண்ணப்பத்தைப் போட முடிகிறது. அதே வருமானமும் அதே சாதியும் உள்ள எனக்கு முடியவில்லை. அவளுக்குக் கிடைத்ததற்கு நான் சந்தோஷப்படுகிறேன். ஆனால் பெரிய ஊரில் குடியிருக்கிற ஏழைக்குத்தான் இந்தச் சட்டம், கரிசலில் கிடக்கிற ஏழைக்கு இல்லை என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அதை இங்கே நடைமுறைப்படுத்தியவர்கள் எங்களை நினைக்கவே இல்லை.

அந்த வழியையும் 2025இல் அடைத்தீர்கள். ஒன்றிய அரசு, புதிய கல்விக் கொள்கையோடு சேர்ந்த பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடு என்றது. மாநில அரசு அந்தக் கொள்கையையும் மும்மொழியையும் ஏற்க மாட்டோம் என்றது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய பணம், இந்த 25 விழுக்காட்டுக் கட்டணப் பணமும் சேர்ந்து, நின்றது. 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான பணத்தைக் கொள்கைச் சண்டையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் சொன்னது. ஆனால் வழக்கமாகக் கோடையில் தொடங்குகிற 25 விழுக்காட்டுச் சேர்க்கை, பள்ளி திறந்த பிறகும் தொடங்கவே இல்லை. அக்டோபரில் தொடங்கினார்கள். அதுவும் அந்த ஆண்டு ஏற்கெனவே தனியார் பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளிலிருந்துதான். ஜூனிலேயே பணம் கட்டிச் சேர்க்க முடிந்தவனுக்கு அந்த இடம். பணம் இல்லாததால்தானே இலவச இடத்துக்குக் காத்திருந்தான், அவன் பிள்ளைக்கு என்ன? மாநில உரிமை பெரிது, நான் மறுக்கவில்லை. இந்தி வேண்டாம் என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் டெல்லியும் சென்னையும் மோதிக்கொள்ளும்போது ஏழைப் பிள்ளையின் ஒரு வருஷத்தை எதற்காகப் பணயம் வைத்தீர்கள்? மூன்று வயதுப் பிள்ளை இழந்த அந்த வருஷத்தை யார் திருப்பித் தருவார்?

இன்னும் சில படித்தவர்கள், அரசாங்கம் பள்ளிக்கூடம் நடத்துவதையே விட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளை பேரிலும் பணத்தைக் கொடுத்துவிடட்டும், பெற்றோர் பிடித்த பள்ளிக்குக் கொண்டுபோகட்டும் என்கிறார்கள். தென்னமெரிக்காவில் சிலி என்ற நாடு 1981இலேயே அப்படிச் செய்தது. பணம் பிள்ளையோடு போனது. நாளடைவில் அங்கே வசதியான பிள்ளைகள் ஒரு பக்கம், ஏழைப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பள்ளிகள் பிரிந்துபோய், மாணவர்களே 2006இலும் 2011இலும் தெருவில் இறங்கினார்கள். 2015இல் சட்டம் போட்டு, அரசுப் பணம் வாங்குகிற பள்ளிகள் லாபம் பார்ப்பதையும், பிள்ளையைத் தேர்ந்து பொறுக்குவதையும், மேலே கட்டணம் வாங்குவதையும் நிறுத்தத் தொடங்கினார்கள். நரிக்குடிப் பக்கம் அப்படி ஒரு பணச்சீட்டைக் கையில் கொடுத்தால் நாங்கள் அதை எடுத்துக்கொண்டு எங்கே போவது? பஸ் வராத ஊருக்கு எந்தப் பள்ளி வரும்? எங்களுக்கு வேண்டியது ஊரை விட்டுப் போகிற உரிமை இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற உரிமை.

இது காமராசர் பிறந்த விருதுநகர் மாவட்டம். 1953இல் அரைநேரப் படிப்புத் திட்டம் வந்ததையும், 1954இல் முதலமைச்சரானதும் அவர் அதைத் தூக்கி எறிந்ததையும் எங்கள் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஊர் தோறும் பள்ளி திறந்தார், பள்ளியில் சோறு போட்டார். அந்தக் காலத்தில் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊர்ச் சனம் தன் பள்ளிக்கு நிலம் கொடுத்தது, பெஞ்சு கொடுத்தது, பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தது. பஞ்சத்தில் அடிபட்ட சனம் கொடுத்தது. ஊரிடம் கேட்டார்கள், ஊர் கொடுத்தது, அதனால் பள்ளியை ஊர் தன்னுடையது என்று நினைத்தது. இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், சுற்றுச்சுவருக்கு நாங்கள் மண் சுமக்கத் தயார். ஆனால் ஆசிரியரை நாங்கள் எங்கிருந்து கொண்டுவர முடியும்?

2023 பிளஸ் டூ தேர்வில் எங்கள் மாவட்டம் 97.85 விழுக்காடு எடுத்து மாநிலத்தில் முதலிடம். அதற்கு முன்னும் பல வருஷம் முதலிடம் வாங்கிய மாவட்டம். அதே மாவட்டத்தைத்தான் 2018இல் நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களோடு சேர்த்து, முன்னேற விழையும் மாவட்டம் என்று ஒன்றிய அரசு பட்டியலில் வைத்தது. இரண்டும் உண்மை. பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்து சேர்ந்த பிள்ளை ஜெயிக்கிறது. ஆரம்பத்திலேயே எழுத்துக்கூட்டத் தெரியாமல் பின்தங்கி, நடுவில் பனியன் கம்பெனிக்கோ ஆட்டுக்குப் பின்னாலோ போய்விட்ட பிள்ளை அந்த 97.85இல் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளை அங்கே தேடாதீர்கள்.

நாங்கள் கேட்பதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், புரியவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

சட்டம் சொல்கிற இரண்டு ஆசிரியர் என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் போடக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. நரிக்குடி, திருச்சுழி மாதிரி வறண்ட ஒன்றியங்களில் தலையை எண்ணாமல் வகுப்பை எண்ணி ஆசிரியர் போடுங்கள். இருப்பவரை மாற்றுப் பணிக்கு அனுப்பினால், அன்றைக்கே இன்னொருவரை அனுப்புங்கள்.

மேலாண்மைக் குழுவின் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். முடியும் என்றால் எப்போது, முடியாது என்றால் ஏன், அதன் கீழே ஒரு அதிகாரியின் பெயரும் கையெழுத்தும். நாங்கள் பெயர் போட்டுக் கேட்கிறோம், நீங்கள் பெயர் போட்டுப் பதில் சொல்லுங்கள். எங்கள் பள்ளிக்கு எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்பதைக் கிராம சபையில் வாசியுங்கள்.

ஊர்ப் பெற்றோர் கூடிச் சம்மதிக்காமல் எந்தப் பள்ளியையும் மூடாதீர்கள், இணைக்காதீர்கள்.

ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் தனியார் பள்ளியே இல்லாத ஊர்களுக்கு அந்த வட்டத்தை அகலப்படுத்துங்கள், போக வர வண்டிக்கும் வழி செய்யுங்கள். 25 விழுக்காட்டுச் சேர்க்கையை, எந்த அரசோடு எந்த அரசு சண்டை போட்டாலும், பள்ளி திறக்கும் முன் முடியுங்கள்.

இதில் எதுவும் பிச்சை இல்லை. பாதி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. மீதியை ஒரு அரசாணை போட்டால் செய்யலாம். திருச்சுழித் தொகுதியில் தேர்தல் வந்தால் எங்கள் ஊருக்கு வாக்குச்சாவடி எங்கள் பள்ளிக்கூடத்தில்தான். அந்தக் கட்டடம் ஓட்டுப் போடுகிற ஒரு நாளைக்கு மட்டும் உங்களுக்குத் தேவைப்பட்டால் போதுமா?

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நான் போவேன். ஊர்ப் பொம்பளைகள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போவேன். தீர்மான நோட்டை விரித்து, இதுவரை எழுதிய ஒவ்வொன்றையும் சத்தமாக வாசிப்பேன். ஒவ்வொன்றுக்கும் பதில் எங்கே என்று கேட்பேன். பதில் வராமல் என் கையெழுத்து அந்த நோட்டில் விழாது. கூட்டம் நடந்தது என்று படம் எடுக்க வந்தால், பதில் இல்லாத பக்கத்தைத்தான் விரித்துக் காட்டுவோம். அதைப் படம் எடுத்து மேலே அனுப்புங்கள். தலைவர் பதவி போகும் என்றால் போகட்டும், தாய் என்கிற இடத்திலிருந்து என்னை யாரும் மாற்றுப் பணிக்கு அனுப்ப முடியாது.